மறதிக்கு மருந்து உண்டா?



பொதுத் தேர்வு நெருங்கும் நாட்களில் தலைமையாசிரியரைக் காண வரும் பெற்றோர்களுள் ஒருவரேனும், "பிள்ளைக்கு ஞாபகசக்தி பெருக நல்ல மருந்தாக ஒன்று சொல்லுங்கள்" என்று கேளாமற் போவதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பள்ளிக்கூடத்திலேயே காலங் கழித்த நான் இக்கேள்விக்கு ஒரே விடையைத்தான் வைத்திருந்தேன். "இரவில் நன்றாகத் தூங்கச் சொல்லுங்கள்" என்று கூறி அனுப்பிவிடுவேன். ஆனால் ஒருமுறை அதே கேள்வி எனக்கே தூக்கம் வராமற் செய்துவிட்டது. அதைக் கேட்டவர் பெற்றோர் அல்லர். எங்கள் பள்ளியில் பணியாற்றிய கணித ஆசிரியை. அவர் மருந்து கேட்டது பிள்ளைக்காக அன்று, தமக்காகவே.

அந்த அம்மையாருக்கு 2001 ஆம் ஆண்டில் வயது 31. கணக்கில் அவருக்கு நிகராக எங்கள் பள்ளியில் வேறொருவர் இருந்ததில்லை. அவ்வாண்டில் அவரிடம் சில மாறுதல்கள் தோன்றின. மதிப்பெண் பட்டியலைக் கூட்டி முடிக்க மற்றவர்களுக்கு ஒரு மணி நேரமென்றால் அவருக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. வகுப்பில் இரு மாணவர் ஒரே சமயத்தில் ஐயம் கேட்டால் திகைத்து நின்றார். தேர்வு மேற்பார்வைக்கென அவருக்கு ஒதுக்கிய நாளையே ஒருமுறை மறந்துவிட்டார். நடையில் குறையில்லை, பேச்சிலும் குறையில்லை. ஆகவே நான், தலைமையாசிரியன் என்ற அதிகாரத்தில், அவருடைய பணிக் குறிப்பேட்டில் "கவனக்குறைவு மிகுதி" என்று சிவப்பு மையால் எழுதினேன். இரண்டாண்டு கழித்து அவருடைய வலக் கண்ணில் வலியும் பார்வை மங்கலும் உண்டாயின. சென்னைக்குச் சென்று நரம்பியல் மருத்துவரிடம் காட்டியபோது, மல்டிபிள் ஸ்கிளரோஸிஸ் என்னும் நோய் கண்டறியப்பட்டது. குறிப்பேட்டில் நான் குற்றமென்று எழுதியது நோயின் அறிகுறி என்பதை அன்றுதான் அறிந்தேன்.

இந்நோயைத் தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்று எழுதுகின்றனர். அப்பெயர் எனக்கு அவ்வளவாக உவப்பில்லை. நோயோ தண்டுவடத்தை மட்டுமன்றி மூளையையும் கண் நரம்பையும் தாக்குவது. பெயர் தண்டுவடத்தோடு நின்றுவிடுகிறது. மூளையைச் சொல்லாத பெயரால், நோயாளியின் சிந்தனைக்கு நேரும் துன்பத்தையும் நாம் மறந்துவிடக் கூடுமல்லவா? ஸ்கிளரோஸிஸ் என்றால் கெட்டிப்படுதல் என்பது பொருள். மூளையிலும் தண்டுவடத்திலும் பல இடங்களில் கெட்டியான தழும்புகள் தோன்றுவதால் அந்தப் பெயர் ஏற்பட்டது.

தழும்பு தோன்றுவது எங்ஙனம் என்று பார்ப்போம். ஒவ்வொரு நரம்பணுவிலிருந்தும் ஆக்ஸான் என்னும் நீண்ட இழை ஒன்று புறப்படுகிறது. செய்திகள் அவ்விழையின் வழியாகவே செல்கின்றன. பல இழைகளைச் சுற்றிலும் மயலின் என்னும் கொழுப்பு மிகுந்த உறை இருக்கிறது. மின்சாரக் கம்பியின்மேல் ரப்பர் உறை இருப்பதைப் போல என்று பாடநூல்கள் கூறும். நானும் பல ஆண்டுகள் அவ்வாறே கற்பித்தேன். அவ்வுவமை பாதிதான் சரி. ரப்பர் உறை மின்சாரத்தை விரைவுபடுத்துவதில்லை; மயலினோ செய்தியின் வேகத்தையே பெருக்குகிறது. அவ்வுறை முழுவதும் தொடர்ச்சியாக இராமல் சிறுசிறு இடைவெளிகள் விட்டு அமைந்திருக்கிறது. 19 ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் லூயி ரான்வியே கண்டறிந்த இவ்விடைவெளிகளை ரான்வியர் கணுக்கள் என்பர். செய்தி ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குத் தாவித் தாவிச் செல்கிறது. ஆற்றைக் கடப்பவன் நீரில் இறங்கி நடவாமல் கல்லுக்குக் கல் தாவிப் போவதைப் போன்றது இது. உறையுள்ள பருத்த இழையில் செய்தி நொடிக்கு 100 மீட்டர் வேகத்திலும் ஓடும். உறையற்ற மெல்லிய இழையில் நொடிக்கு ஒன்று அல்லது இரண்டு மீட்டர்தான்.

உடலைக் காக்க வேண்டிய வெள்ளையணுக்களே வழி தவறி மூளைக்குள் புகுந்து இந்த மயலின் உறையைத் தாக்குவதுதான் நோய். காவலாளியே வீட்டுக் கதவை உடைப்பது போன்ற விபரீதம். ஏன் இவ்வாறு நேர்கிறது என்பதற்கு முழு விடை இன்னும் கிடைக்கவில்லை. எப்ஸ்டீன்-பார் என்னும் சாதாரண வைரஸ் தொற்று இதற்கு முன்னோடியாக இருக்கிறது என்பதற்கு, அமெரிக்கப் படைவீரர்களின் இரத்த மாதிரிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 2022 இல் வெளியிட்ட ஆய்வு வலுவான சான்று தந்தது. அத்தொற்று உலகில் பெரும்பாலோருக்கு ஏற்படுகிறது. நோயோ மிகச் சிலருக்கே வருகிறது. 2020 ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகெங்கும் ஏறக்குறைய 28 லட்சம் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர். அவர்களுள் பெண்களின் தொகை ஆண்களைப் போல் இருமடங்கு. பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையே, படிப்பை முடித்து வேலையில் அமர்ந்து குடும்பம் தொடங்கும் பருவத்தில், இது தலைகாட்டுகிறது.

பாரிஸ் நகரத்தின் சால்பெத்ரியேர் ஆஸ்பத்திரியில் பணியாற்றிய மருத்துவ மேதை ழான் மார்த்தேன் ஷார்க்கோ, 1868 இல் இந்நோயைத் தனியொரு நோயாகப் பிரித்துக் காட்டினார். நோயாளிகளின் கை நடுக்கத்தையும் கண் துடிப்பையும் கண்டதோடு அவர் நிற்கவில்லை. அவர்களுடைய நினைவு தளர்வதையும் எண்ணங்கள் மெதுவாக உருவாவதையும் அவரே குறித்து வைத்தார். ஆயினும் அவருக்குப் பின்வந்த மருத்துவர்கள் நூறாண்டுக்கு மேலாக அக்குறிப்பைப் பெரிதாகக் கொள்ளவில்லை. காலையும் கண்ணையுமே பார்த்தார்கள். 1955 இல் அமெரிக்க மருத்துவர் ஜான் கர்ட்ஸ்கி நோயின் கடுமையை அளக்க ஓர் அளவுகோல் வகுத்தார். அதனை 1983 இல் விரிவாக்கினார். இன்றளவும் உலகெங்கும் வழங்குவது அதுவே. நல்ல அளவுகோல்தான்; ஆனால் நோயாளி எவ்வளவு தூரம் நடக்கிறார் என்பதற்கே அதில் பெரும் பங்கு. கணிதத்திற்கு மட்டும் மதிப்பெண் போட்டுவிட்டு மாணவன் முழுவதும் தேறிவிட்டான் என்று சொல்வதைப் போன்றது அது.

சிந்தனையையும் அளக்க வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது 1980 களுக்குப் பின்னர்தான். 1991 இல் ஸ்டீபன் ராவ் என்னும் அமெரிக்க உளவியலாளரும் அவருடைய தோழர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 100 நோயாளிகளையும், அவர்களுக்கு ஒப்பான நலமுள்ள 100 பேரையும் ஒரே சோதனைகளுக்கு உட்படுத்தினர். நோயாளிகளுள் நூற்றுக்கு 43 பேரிடம் அறிவாற்றலில் குறைபாடு தெரிந்தது. அதன்பின் வந்த ஆய்வுகளும் ஏறத்தாழ இதே அளவையோ, இதைவிடச் சற்று மிகுதியான அளவையோ காட்டியுள்ளன. இவர்களுள் பலர் நன்றாக நடப்பவர்கள். மொழியறிவும் பொது அறிவும் பெரும்பாலும் கெடுவதில்லை. முதலில் குறைவது வேகம். அடுத்து, புதிதாகக் கற்பதை மனத்தில் பதிக்கும் ஆற்றல்.

இந்த வேகத்தை அளக்கும் சோதனை ஒன்றைச் சொல்கிறேன். நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரு தாளின் தலைப்பில் ஒன்பது குறிகள் இருக்கும். ஒவ்வொன்றின் கீழும் 1 முதல் 9 வரை ஓர் எண். கீழே அக்குறிகள் மட்டும் கலந்து கலந்து வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். தலைப்பைப் பார்த்து ஒவ்வொரு குறிக்கும் உரிய எண்ணைச் சொல்லிக்கொண்டே போகவேண்டும். 90 நொடியில் எத்தனை சரியாகச் சொன்னீர்களோ அதுவே மதிப்பெண். 1973 இல் ஏரன் ஸ்மித் என்பவர் வெளியிட்ட இதனைக் குறியெண் சோதனை என்று நாம் அழைத்துக்கொள்வோம். பார்க்க விளையாட்டுப் போலிருக்கும். ஆயினும் இச்சோதனையில் நான்கு மதிப்பெண் குறைந்தால், அது நோயாளியின் அன்றாட வாழ்வில் தெரியக்கூடிய குறைவு என்று மருத்துவர்கள் கொள்கின்றனர்.

இன்னொரு சோதனை இதைவிடக் கொடியது. நியூசிலாந்தின் டாரதி கிரான்வால், தலையில் அடிபட்டவர்களுக்காக உருவாக்கியது. மூன்று நொடிக்கு ஒருமுறை ஓர் எண்ணைப் படிப்பார்கள். அதனை அதற்கு முன்வந்த எண்ணோடு கூட்டிச் சொல்லவேண்டும். 3, 8 என்றால் 11. அடுத்து 5 என்றால், 11 ஓடு கூட்டி 16 என்று சொல்லக்கூடாது. 8 ஓடு கூட்டி 13 என்று சொல்லவேண்டும். அடுத்து 2 என்றால் 7. இப்படி 60 விடைகள். நான் ஒருமுறை முயன்றேன். பத்தாவது எண்ணிலேயே வழுக்கி விழுந்துவிட்டேன். அன்று எங்கள் ஆசிரியை வகுப்பில் இரண்டு குரல்களுக்கு இடையே திகைத்து நின்றதன் பொருள் எனக்கு விளங்கிற்று.

இனி மருந்துக்கு வருவோம். இரண்டு வகை மருந்துகளை நாம் பிரித்தறிய வேண்டும். மழைக்காலத்தில் ஒழுகும் கூரையை அடைப்பது ஒரு வேலை. நனைந்துபோன புத்தகத்தை உலர்த்துவது வேறொரு வேலை. வெள்ளையணுக்களின் தாக்குதலைத் தணிக்கும் மருந்துகள் கூரையை அடைப்பவை. இன்டர்ஃபெரான் பீட்டா என்னும் ஊசி மருந்து 1993 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 1996 இல் வந்த கிளாடிராமர், இஸ்ரேல் நாட்டு வைஸ்மன் ஆராய்ச்சிக் கழகத்தில் பிறந்தது. வாயால் உட்கொள்ளும் ஃபிங்கோலிமாட் 2010 இல் வந்தது. இன்று இவ்வகையில் பல மருந்துகள் உள்ளன. நோய் மீண்டும் மீண்டும் தாக்குவதை இவை குறைக்கின்றன. புதிய தழும்புகள் எழுவதையும் குறைக்கின்றன. இவற்றில் ஐயமில்லை. ஐயமெல்லாம், இவை சிந்தனையையும் காக்கின்றனவா என்பதில்தான்.

அதை அறிவது நாம் நினைப்பது போல் எளிதன்று. கிளாடிராமர் மருந்தை 248 நோயாளிகளிடம் இரண்டாண்டு சோதித்து, 1999 இல் அவர்களுடைய சிந்தனைச் சோதனையின் முடிவுகளை வெளியிட்டனர். மருந்து உண்டவர்களின் மதிப்பெண் உயர்ந்திருந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் மருந்தில்லாத வெற்று ஊசியைப் போட்டுக்கொண்டவர்களின் மதிப்பெண்ணும் அதே அளவு உயர்ந்திருந்தது! காரணம், ஒரே வகைச் சோதனையைத் திரும்பத் திரும்ப எழுதினால் யாருக்கும் கை பழகிவிடும். அரையாண்டுத் தேர்வின் வினாத்தாளையே முழுத் தேர்வுக்கும் கொடுத்தால் வகுப்பு முழுவதும் முன்னேறியதாகத் தோன்றும். ஆசிரியர் வேண்டுமானால் அதில் பெருமை கொள்ளலாம். வெற்று ஊசி போட்ட கூட்டம் ஒன்று ஒப்பிடுவதற்கு இராதிருந்தால், அந்த உயர்வு முழுவதையும் மருந்தின் கணக்கில் எழுதியிருப்பார்கள்.

2000 ஆம் ஆண்டில் இன்டர்ஃபெரானைப் பற்றி வந்த முடிவு வேறு. 166 பேரிடம் இரண்டாண்டு நடந்த ஒப்பீட்டில், மருந்து பெற்றவர்களின் சிந்தனை வேகமும் கற்கும் திறனும் மற்றவர்களைவிட மேலாக இருந்தன. பின்னாளில் சிபோனிமாட் என்னும் மாத்திரையை, நோய் முற்றி மெல்ல வளரும் நிலையிலுள்ள 1,651 பேரிடம் சோதித்தனர். இரண்டாண்டு முடிவில், குறியெண் சோதனையில் மருந்துக் கூட்டம் வெற்று மாத்திரைக் கூட்டத்தைவிட ஏறத்தாழ இரண்டு மதிப்பெண் முந்தியிருந்தது. எண்களைக் கூட்டும் அந்தக் கொடிய சோதனையில் வேறுபாடு தெரியவில்லை. வாழ்வில் தெரியக்கூடிய மாற்றத்துக்கு நான்கு மதிப்பெண் வேண்டுமென்று முன்னரே சொன்னேன். ஆகவே இதனைச் சிறு நன்மை என்று சொல்லலாம். நன்மையே இல்லை என்று தள்ளவும் முடியாது. கூரையை விரைவில் அடைத்தால் புத்தகம் அதிகம் நனையாது என்ற அளவில் இதை நான் நம்புகிறேன்.

நனைந்த புத்தகத்தை உலர்த்தும் மருந்து உண்டா? எங்கள் ஆசிரியை கேட்டது அதைத்தான். 2005 ஆம் ஆண்டில் ஒரு நாள், செய்தித்தாளிலிருந்து கத்தரித்த துண்டு ஒன்றுடன் என் அறைக்கு வந்தார்.

"ஐயா, இந்த நோய்க்காரர்களுக்கு ஞாபகத்தைத் திருத்தும் மாத்திரை ஒன்று கண்டுபிடித்திருக்கிறார்களாம். உங்களிடம் படித்தவர் ஒருவர் நரம்பியல் டாக்டராக இருக்கிறாரே, அவரிடம் கேட்டுச் சொல்வீர்களா?" என்றார்.

அம்மாத்திரையின் பெயர் டொனெபெசில். நரம்பணுக்களிடையே செய்தி கொண்டுசெல்லும் தூதுப் பொருள்களுள் அசிடைல்கோலின் ஒன்று. நினைவுக்கு அது இன்றியமையாதது. அதனைச் சிதைக்கும் நொதியை டொனெபெசில் தடுத்து, தூதுவன் சற்று அதிக நேரம் உயிருடன் இருக்கச் செய்கிறது. முதுமையில் வரும் அல்சைமர் நோய்க்காக 1996 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மருந்து அது. நியூயார்க் மாநிலத்தில் டாக்டர் லாரன் கிரப் என்னும் அம்மையார், மல்டிபிள் ஸ்கிளரோஸிஸ் உள்ள 69 பேரிடம் அதனை 24 வாரம் சோதித்து, 2004 இல் முடிவை வெளியிட்டார். பாதிப்பேருக்கு மருந்து, மற்றவர்களுக்கு அதே நிறமும் வடிவும் கொண்ட வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, சோதிப்பவருக்கும் தெரியாது. சொற்களை நினைவில் கொள்ளும் சோதனையில் மருந்துக் கூட்டம் வென்றது. தங்கள் ஞாபகம் தெளிந்துவிட்டதாகச் சொன்னவர்களும் அக்கூட்டத்தில் ஏறக்குறைய இருமடங்கு. அம்மையார் கொண்டுவந்த துண்டில் இருந்த செய்தி இதுதான்.

என் பழைய மாணவரான டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சார், 69 பேர் என்பது உங்கள் பள்ளியில் இரண்டு வகுப்பு. ஒரே மருத்துவ நிலையத்தில் பார்த்தது. இன்னொருமுறை பெரிய அளவில் பார்க்கவேண்டும். இந்த நோய்க்கென்று ஒப்புதல் பெற்ற மருந்தும் அன்று. ஆனாலும் அவர்கள் மிகவும் விரும்பினால் ஆறு மாதம் கண்காணித்துக் கொடுத்துப் பார்க்கலாம்." அவ்வாறே கொடுத்தார். தொடங்கும் முன் குறியெண் சோதனையில் அம்மையார் பெற்ற மதிப்பெண் 41.

அந்த ஆறு மாதமும் அவருடைய முகமே மாறியிருந்தது. ஆசிரியர் அறையில் சிரித்துப் பேசினார். கனவுகள் மட்டும் விநோதமாக வருகின்றன என்றார்; ஒவ்வோர் இரவும் ஏதேனுமொரு தேர்வு மண்டபத்தில் மேற்பார்வை செய்துகொண்டிருப்பாராம். இவ்விநோதக் கனவு அம்மருந்தின் பக்கவிளைவு. நியூயார்க் ஆய்விலும் மருந்து உண்டவர்களுக்கே இது மிகுதியாக வந்தது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கனவு வந்தவர், தமக்குக் கிடைத்தது உண்மையான மருந்துதான் என்று ஊகித்துவிட முடியும். ஊகித்துவிட்டால் நம்பிக்கை பிறக்கும். நம்பிக்கை பிறந்தால் தெளிவாக இருப்பதாகத் தோன்றும். மூடி வைத்த ரகசியம் கனவின் வழியே கசிந்துவிடுகிறது.

ஆறு மாதம் முடிந்து மறுபடி சோதித்தபோது மதிப்பெண் 42. கை பழகியதற்கே அந்த ஒன்று போதும். டாக்டர் மருந்தை நிறுத்திவிட்டார்.

2011 இல் பெரிய ஆய்வின் முடிவு வந்தது. நடத்தியவர் அதே டாக்டர் கிரப். இம்முறை பல மருத்துவ நிலையங்கள், 120 நோயாளிகள், அதே 24 வாரம். மருந்துக்கும் வெற்று மாத்திரைக்கும் நினைவாற்றலில் வேறுபாடு இல்லை. தாம் முன்பு கண்டதைத் தாமே மறுபடி சோதித்து, பயனில்லை என்று தம் பெயரிலேயே எழுதி வெளியிட்ட அந்த அம்மையாரின் நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது. செய்தியை எங்கள் ஆசிரியையிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தயங்கினேன். சொன்னபின் அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஆனால் அந்த ஆறு மாதம் நான் நன்றாகத்தான் இருந்தேன், ஐயா" என்றார். அதையும் நான் பொய்யென்று சொல்லமாட்டேன். ஒருவர் தாம் நலமாயிருப்பதாக உணர்வது வேறு. வேகம் கூடுவது வேறு. இரண்டையும் ஒரே மாத்திரை தரவேண்டும் என்பதில்லை.

மற்ற மருந்துகளின் கதையை விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை. மெமன்டைன் என்னும் இன்னோர் அல்சைமர் மருந்து 2010 இல் வெளிவந்த ஆய்வில் பயன் தரவில்லை. வேறோர் ஆய்வில், அதை உண்ட சிலருக்கு நரம்புக் குறைகள் மிகுந்ததால் பாதியிலேயே நிறுத்தினார்கள். கடைகளில் ஞாபகசக்திக்கென்று விற்கும் ஜின்கோ இலைச் சாற்றையும் விட்டுவைக்கவில்லை. 12 வாரம் கொடுத்துப் பார்த்து, பயனில்லை என்று 2012 இல் அறிவித்தார்கள். தேர்வுக்கு முன் என்னிடம் மருந்து கேட்ட பெற்றோர்கள் கவனிக்கத் தக்கது இது.

சிந்தனையை உயர்த்தும் மருந்தைத் தேடும் அவசரத்தில், அதைத் தாழ்த்தும் மருந்துகளை மறந்துவிடக் கூடாது. இந்நோயாளிகள் பலர், சிறுநீரை அடக்க இயலாத துன்பத்துக்காக ஆக்ஸிபியூட்டினின் முதலிய மருந்துகளை உண்கின்றனர். அவை அசிடைல்கோலினின் வேலையைத் தடுப்பவை. ஒரு கையால் தூதுவனைக் காக்க மருந்து கொடுத்து, மறு கையால் அவன் வாயைக் கட்டும் மருந்தையும் கொடுத்தால் என்ன ஆகும்? தசை இறுக்கத்துக்கான மாத்திரைகளும் தூக்க மாத்திரைகளும் மூளையை மந்தமாக்குவதுண்டு. மனச்சோர்வு இந்நோயில் மிகுதி. அதற்குச் சிகிச்சை செய்யாமல் விட்டாலும் சிந்தனை தளரும். என் மாணவரான டாக்டர், டொனெபெசிலை நிறுத்திய அன்று, "வீட்டில் இருக்கும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வாருங்கள்" என்று அம்மையாரிடம் சொன்னார். வேறோர் இடத்தில் எப்போதோ எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரை ஒன்று அப்பையில் இருந்தது. அதனைச் சிறுகச் சிறுகக் குறைத்து நிறுத்தினார். இத்தகைய மாத்திரைகளைத் திடீரென்று தாமாகவே நிறுத்துவது ஆபத்து. புதிதாக ஒன்றைச் சேர்ப்பதைவிட, இருந்த ஒன்றை எடுத்தது அம்மையாரின் காலை வேளைகளுக்கு அதிகம் உதவிற்று.

மருந்தில்லாத வழியும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் நான்சி கியாரவலோட்டி என்னும் உளவியலாளர், 86 நோயாளிகளிடம் ஐந்து வாரத்தில் பத்து அமர்வுகளாக அமைந்த ஒரு பயிற்சியைச் சோதித்து, 2013 இல் முடிவை வெளியிட்டார். நினைவில் வைக்கவேண்டிய சொற்களைக் கோத்து ஒரு கதையாக்கி, அக்கதையை மனக்கண்ணில் காட்சியாகக் காணும் பயிற்சி அது. பயிற்சி பெற்றவர்களின் கற்கும் திறன் மற்றவர்களைவிட உயர்ந்தது. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எனக்குக் கற்பித்ததும் ஏறத்தாழ இதுவே. எனவே இம்முடிவைப் படித்தபோது எனக்குச் சிறிது கர்வம் உண்டாயிற்று. அக்கர்வத்தை 2023 இல் வந்த ஓர் ஆய்வு தணித்தது. நோய் முற்றிய 311 பேரிடம் மனப்பயிற்சியையும் உடற்பயிற்சியையும் 12 வாரம் சேர்த்துக் கொடுத்துப் பார்த்ததில், போலிப் பயிற்சியைவிடச் சிந்தனை வேகம் அதிகமாக உயரவில்லை. நினைவைப் பழக்கலாம், வேகத்தைப் பழக்குவது கடினம் போலும்.

எங்கள் ஆசிரியை 2003 முதல் ஊசியும், பிற்காலத்தில் மாத்திரையுமாகக் கூரையை அடைக்கும் மருந்தை விடாமல் எடுத்துவருகிறார். அந்நோய் கண்ட பிறகு அவருக்குரிய பாடவேளைகளை முற்பகலிலேயே அமைத்தேன். வெயிலும் களைப்பும் ஏறுவதற்குள் அவை முடிந்துவிடும். வகுப்பில் ஐயம் கேட்போர் கரும்பலகையின் ஓரத்தில் தம் கேள்வியை எழுதிவிட்டு அமரவேண்டும். அவர் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வார். மதிப்பெண் பட்டியலை வேறொருவர் கூட்டுவார். கடினமான தேற்றத்தை அவிழ்த்துக் காட்டுவதில் அவர் பழையபடியேதான் இருந்தார். நேரம் மட்டும் சற்று அதிகமாகும். பணிக் குறிப்பேட்டில் எழுதியதை அழிக்க விதி இடந்தரவில்லை. ஆகவே அதன் கீழே, "மேற்கண்ட குறிப்பு தவறானது. அது நோயின் விளைவு. எழுதியவர் அறியாமல் எழுதியது" என்று நீல மையால் எழுதி, தேதியிட்டுக் கையொப்பமிட்டேன்.

சென்ற தை மாதம் அவரைக் கண்டபோது, இவ்வாண்டுச் சோதனையில் மதிப்பெண் எத்தனை என்று கேட்டேன். 40 என்றார். 2005 இல் 41. ஏறத்தாழ இருபது ஆண்டில் ஒன்றுதானே குறைந்திருக்கிறது என்று நான் மகிழ்ந்தேன். அவர் கணக்காசிரியை அல்லவா? உடனே திருத்தினார்.

"ஆண்டுதோறும் அதே சோதனையைச் செய்து கை பழகியிருக்கிறதே, ஐயா. அதையும் கழித்துக்கொள்ளுங்கள்."